சொரசொரப்பான சாடிகள்: யாழ்ப்பாண நாட்குறிப்பு

வியாழன்

யாழ்ப்பாணத்துக்குப் பூச்சாடி பார்க்க வந்திருக்கிறேன். இதைச் சொன்னால் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. காணி விற்க வந்தவன், அதை மறைக்கிறான் என்றுதான் நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

நான் சேர்க்கும் சாடிகள் ஒரு தனிச் சாதி. கல்யாணப் பரிசாகக் கைமாறும் பொன்விளிம்பு வைத்த வெள்ளைப் பீங்கான் அல்ல. சுவர் தடித்திருக்கும், மேனி சொரசொரத்திருக்கும், வாய் சில வேளை ஒரு விரல் நுழையும் அளவே இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐரோப்பாவில் கட்டடக் கலைஞர்கள் சிலர் சீமெந்துச் சுவரைப் பூசி மெழுகாமல், அச்சுப் பலகையைக் கழற்றியபடியே விட்டார்கள். மார்செய் நகரில் லு கோர்பூசியே 1952இல் முடித்த குடியிருப்புத் தொகுதி அதற்கு முன்னோடி. புரூட்டலிசம் என்று பெயர் எடுத்த அந்தப் போக்கின் குணம் மட்பாண்டத்தில் தெரிந்தால், சேகரிப்பவர்கள் அதைப் புரூட்டலிசச் சாடி என்கிறார்கள். 1960களிலும் 70களிலும் செய்த பழையவையும் உண்டு, இன்றைய கைவினைஞர்கள் செய்யும் புதியவையும் உண்டு.

இந்தப் பயணத்தில் எனக்கு இரண்டு வேலைகள். வெளிநாட்டுப் பெட்டிகளில் வந்து சேர்ந்த பழைய ஜேர்மன் சாடிகள் இங்கே எந்த வீட்டு அலுமாரியில் கிடக்கின்றன என்று பார்ப்பது ஒன்று. வலிகாமம் மேற்கில் ஒரு மட்பாண்டக்காரரிடம் சித்திரை மாதமே வரைபடம் கொடுத்து வைத்திருந்தேன். அந்தச் சாடிகள் நன்றாகக் காய்ந்து இந்த வாரம் சூளைக்குப் போகின்றன. அதை நேரில் பார்ப்பது மற்றது.

ரயிலில் வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை. சோளகக் காற்று வீதிப் புழுதியை அள்ளி யன்னலுக்குள் கொட்டுகிறது. இன்றைக்கு இவ்வளவுதான்.

வெள்ளி

கோண்டாவிலில் தூரத்து உறவான மாமி ஒருவர் இருக்கிறார். அவருடைய மகன் 80களின் நடுவில் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் போய் அகதி விண்ணப்பம் கொடுத்தவர். அந்த நாளில் ஏராளமான தமிழர்களுக்கு அதுதான் பாதை. பிறகு வேலை, வீடு, குடும்பம். ஊருக்குக் கப்பலில் பெட்டி அனுப்பும் காலம் வந்ததும் சவர்க்காரம், துவாய், சொக்கலேற் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சாடியும் வந்து சேர்ந்தது.

மாமியின் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் மேல்தட்டு முழுக்கப் பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள். நடுத்தட்டில் பளிங்குக் கிண்ணங்கள். கீழே, குடைக்கும் பழைய பஞ்சாங்கக் கட்டுக்கும் இடையில் அது நின்றது. வாயில் நான்கு பிளாஸ்டிக் ரோசாக்கள்.

"தம்பி, அந்த அவலட்சணத்தையா பார்க்க வந்தீர்கள்?" என்று மாமி கேட்டார். "அவன் அங்கே தெருவில் எடுத்தது. பழைய சாமான்களை வாசலில் வைப்பார்களாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாமாம். கதிரை, மேசை எல்லாம் அப்படித்தான் எடுத்தார்களாம்."

மாமி சொன்னது சரி. ஜேர்மன் நகரங்களில் பெரிய கழிவுப் பொருட்களைக் குறித்த நாளில் வீதியோரம் வைக்கும் வழக்கம் உண்டு. 70களில் ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் நின்ற இந்தச் சாடிகள் 80களில் மவுசு இழந்தன. அவர்கள் வெளியே வைத்ததை நம்மவர்கள் உள்ளே கொண்டுவந்தார்கள்.

ரோசாக்களை எடுத்துவிட்டுச் சாடியை விறாந்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். அடியில் வார்ப்பிலேயே பதிந்த எழுத்துகள்: ‘W. Germany’ என்பதும் 517-30 என்ற எண்ணும். ஆங்கில எழுத்தை இங்கே எழுதுவது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் தேடுபவர்கள் கண்ணால் தேடவேண்டியது அதையேதான்.

எண்ணின் முதற்பகுதி அச்சின் இலக்கம், பிற்பகுதி உயரம், சென்ரிமீற்றரில். அளந்து பார்த்தேன், முப்பதுதான். இப்படி எண் பதிப்பது ஷொய்ரிச் நிறுவனத்தின் வழக்கம். மைன் நதிக்கரையில் க்ளைன்ஹொய்பாக் என்ற ஊரில் இருந்த அவர்கள்தான் இந்த வகைச் சாடிகளை மிகப் பெரிய அளவில் செய்தவர்கள். நாட்டின் பெயரோடு ‘மேற்கு’ என்று இருந்தால் 1990 ஒக்டோபரில் இரண்டு ஜேர்மனிகளும் இணைவதற்கு முந்திய சாடி. வயதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி வேறு இல்லை.

மேனியைச் சொல்லவேண்டும். மேலும் கீழும் வழவழப்பான கபில நிறம். இடுப்பைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குச் செம்மஞ்சள் பட்டை. அதன் மேல் கரிய பூச்சு கொப்பளித்துக் குழி குழியாக உறைந்திருந்தது. தோசை வேகும்போது கண் திறக்கிறதே, அதே வேலைதான் இங்கும் நடந்திருக்கிறது. பூச்சில் சிலிக்கன் காபைட் தூளைக் கலந்துவிடுவார்கள். சூளைச் சூட்டில் பூச்சு உருகிக் கண்ணாடியாகும் நேரத்தில் அந்தத் தூள் வாயுவை விடும். வாயு மேலே வந்து வெடிக்கும். வெடித்த இடம் மூடுவதற்குள் சூடு தணிந்தால் குழி அப்படியே நின்றுவிடும். ஃபாட் லாவா, அதாவது கொழுத்த எரிமலைக் குழம்பு, என்று சேகரிப்பவர்கள் இதைச் சொல்வார்கள். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்தாலும் ஒன்றின் குழி மற்றதில் இராது.

குழிகளுக்குள் நாற்பது வருடப் புழுதி. மாமி ஒருமுறை தேசிக்காய்த் தோலால் தேய்த்துப் பார்த்தாராம். நல்லவேளை, கை நோக விட்டுவிட்டார். பளிச்சென்ற செம்மஞ்சள் பூச்சுகளில் காட்மியமும் செலீனியமும் சேர்ப்பது வழக்கம். அதன் மேல் புளிப்புப் படவே கூடாது. இளஞ்சூட்டு நீரும் மென்மையான பல் தூரிகையும் போதும். இவற்றில் குடிநீரோ சாப்பாடோ வைப்பதும் வேண்டாம்.

விலை பேசினேன். மாமி காசு வேண்டாம் என்றார். "பொன் விளிம்பு போட்ட வெள்ளைச் சாடி ஒன்று கொழும்பில் வாங்கிக்கொண்டு வந்து தாருங்கள், இதை எடுத்துக்கொண்டு போங்கள்." ஒப்பந்தம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு புட்டும் மாம்பழமும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சனி

காலையில் ஜேர்மனியிலிருந்து மகன் அழைத்தார். மிக மரியாதையாகப் பேசினார். அம்மா சொன்னதைக் கேட்டு இணையத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்தாராம். சாடி விற்பனைக்கு இல்லை. மாலையில் மாமி அனுப்பிய படத்தில் பட்டமளிப்புப் படங்கள் ஒரு தட்டு கீழே இறங்கியிருக்கின்றன. மேல்தட்டில் சாடி, தனியாக, ரோசாக்களோடு. எனக்குக் கிடைக்காவிட்டாலும் அதற்கு ஒரு நல்ல இடம் கிடைத்துவிட்டது. ரோசாவைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

கஸ்தூரியார் வீதிக்குப் பின்புறம் ஒரு ஒழுங்கையில் பழைய சாமான் கடை. பித்தளைக் குத்துவிளக்கு, கிராமபோன் புனல், தேக்குக் கட்டில் கால்கள். கடைக்கார அண்ணை எனக்குக் காட்டிய ‘பழைய’ சாடியைத் தூக்கியவுடனேயே தெரிந்தது. எடை இல்லை. சாதாரணச் சாடிக்கு மேல் மணலும் பசையும் கலந்து அப்பி, அதன் மேல் சாம்பல் நிறம் அடித்திருக்கிறார்கள். நகத்தால் சுரண்டினால் தூள் உதிர்கிறது. கொழும்பு அலங்காரக் கடைகளிலும் இப்போது இந்தச் சரக்குத்தான் நிரம்பிக் கிடக்கிறது, அதுவும் யானை விலைக்கு.

எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. சொரசொரப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். மண்ணில் இருந்து வந்ததா, நெருப்பில் இருந்து வந்ததா, செய்தவர் கையில் இருந்து வந்ததா? மூன்றில் ஒன்று ஆம் என்றால் வாங்குவேன். வேலை முடிந்த பிறகு மேலே பூசியது என்றால், அது புதுச் சுவரில் வரைந்த வெடிப்பு. நண்பர்கள் சிலர் ‘பார்க்க அழகாக இருந்தால் போதாதா’ என்பார்கள். போதாது. அழகான வெள்ளைப் பீங்கானுக்கு என்ன குறை, அதையே வாங்கலாமே.

கடையின் பின்னறையில், சைக்கிள் ரியூப்புகளுக்கு அடியில், ஒரு கபில நிறக் கைப்பிடிச் சாடி கிடந்தது. அடியில் எண் 313. கேர்ட் ட்ஷோர்னர் 1954இல் ருஷா நிறுவனத்துக்காக வடிவமைத்த சாடி. கைப்பிடி மேல்நோக்கிப் பாய்ந்து வாயோடு சேரும். பான் நகருக்கு அருகில் ரைன்பாக் என்ற ஊரில் இருந்த நிறுவனம் ருஷா. எரிமலைக் குழம்பு போன்ற பூச்சுகளை அங்கே வளர்த்தெடுத்தவர்களில் ஒட்டோ கேர்ஹார்ட்ஸ் முக்கியமானவர். 1964இல் அவர் பிரிந்து அதே ஊரில் ஒட்டோ கெராமிக் என்ற சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். இந்த 313இல் பூச்சு அவ்வளவு முரடு இல்லை, ஆனால் கண்டிப்பாகச் சூளையில் பிறந்தது.

சுண்டிப் பார்த்தேன், மணிபோல் ஒலித்தது. கீறல் இருந்தால் சொத்தைச் சத்தம் வரும். கைத்தொலைபேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தேன்: பாதி உயரத்தில் வெள்ளை வளையம். யாரோ இதில் தண்ணீர் ஊற்றிப் பூ வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை. கேத்தில், பானை, சாடி எதில் வைத்தாலும் அந்த நீர் வெள்ளைப் படிவை விட்டுவிடும். உள்ளே இருப்பதால் நான் அதைத் தொடப்போவதில்லை. வாயோரத்தில் சிறு உடைவு, அதன் மேல் யாரோ நகப்பூச்சு பூசி மறைத்திருக்கிறார்கள். அதைக் காட்டி விலையைக் குறைத்தேன். அண்ணை 6,500 சொன்னார், 4,000க்கு முடிந்தது. சைக்கிள் ரியூப் ஒன்றும் இலவசமாகத் தந்தார், சுற்றிக் கட்டிக்கொண்டு போக.

ஞாயிறு

சாடி இல்லாத நாள். ஆனாலும் சொல்ல இருக்கிறது.

காலை ரயிலில் காங்கேசன்துறை போனேன். 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை போரினால் 1990இல் மூடப்பட்டது. சுண்ணாம்புக் கல்லைப் பக்கத்திலேயே தோண்டினார்கள். களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து வந்தது. கல்லையும் களியையும் சேர்த்துச் சுட்டு அரைத்தால் சீமெந்து. மண்ணைச் சுட்டு வேறொன்றாக்கும் வேலை என்ற வகையில் குயவருக்கும் இதற்கும் தூரம் அதிகம் இல்லை. வீதியில் நின்று பார்த்தால் உருளை உருளையாகக் கொள்கலன்களின் எச்சம். உள்ளே போக நான் முயலவில்லை. அந்த மண்ணில் இடம்பெயர்ந்த குடும்பங்களின் கதை வேறு. ஒரு சாடிக்காரன் அதை ‘அழகான இடிபாடு’ என்று எழுதிவிட்டுப் போவது நியாயம் அல்ல.

எனக்கு வேண்டியது வேறொரு இடத்தில் கிடைத்தது. திரும்பும் வழியில் வீதியோரத்துப் பழைய சீமெந்துத் தூண் ஒன்று. பூச்சு இல்லை. அச்சாக அடித்த பலகையின் நரம்பு, கணு, இரண்டு பலகை சேர்ந்த கோடு எல்லாம் அதில் அப்படியே பதிந்திருந்தன. பலகை போய் எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். கையை வைத்துத் தடவினால் மரம்தான் நினைவுக்கு வருகிறது. நேற்று நான் எழுதிய பிடிவாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சுன்னாகத்தில் இறங்கிக் கந்தரோடைக்கு ஓட்டோவில் போனேன். முருகைக் கல்லால் கட்டிய சிறிய தூபிகள் பனைகளுக்கு நடுவே கூட்டமாக நிற்கின்றன. போல் பீரிஸ் 1917 அளவில் இங்கே ஆய்வு செய்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்தது. முருகைக் கல்லின் மேனியைக் கிட்டப் பார்க்கவேண்டும்: கடலில் உயிரோடு இருந்த காலத்துத் துளைகள். ஒட்டவைத்த சொரசொரப்பு எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

திங்கள்

நாவலர் வீதித் தொல்பொருள் அருங்காட்சியகம் சிறியது. அரை மணியில் பார்த்துவிடலாம். கந்தரோடை மட்பாண்டங்களில் கறுப்பும் சிவப்புமான வகைக்காகத்தான் போனேன். பெருங்கற்காலப் பண்பாட்டு இடங்களில், தமிழகத்திலும் சரி, 1980இல் அகழ்ந்த ஆனைக்கோட்டையிலும் சரி, இந்த வகை கிடைக்கிறது. உள்ளும் வாயோரமும் கறுப்பு, வெளியே சிவப்பு. இரண்டு நிறம் பூசவில்லை. கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்றுப் போகாமல் புகை தங்கும். அந்தப் பக்கம் கறுக்கும். வெளியே காற்றுப் படும். மண்ணில் உள்ள இரும்பு சிவக்கும். நெருப்பே தீட்டிய நிறம்.

அங்கிருந்து நேரே மட்பாண்டக்காரர் வீட்டுக்கு. ஐயாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. வளவுக்குள் நுழைந்தால் ஒரு பக்கம் கார்த்திகைச் சுட்டி விளக்குகள் அடுக்கு அடுக்காக, இன்னொரு பக்கம் பொங்கல் பானைகள், தயிர்ச்சட்டிகள். களி வன்னிக் குளங்களில் இருந்து லொறியில் வருகிறது. குடாநாட்டில் ஆறு ஏது, நல்ல களிக்கு எங்கே போவது என்கிறார். களியின் விலையைவிட லொறிக் கூலி அதிகமாம்.

என் சாடிகள் கொட்டிலின் மூலையில், சாக்குப் போட்டு மூடி, தனியாக இருந்தன. தனியாக வைத்ததற்குக் காரணம் பாதுகாப்பு அல்ல, வெட்கம்.

"தம்பி, வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், ஐயாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டதா என்று."

அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. அறுபது வருடம் அவர் பழகியது மேனியை வழவழப்பாக்கும் வித்தையை. ஈரத் துணியால் ஓர் ஒற்று, கூழாங்கல்லால் ஒரு தேய்ப்பு. நான் போய், உடைந்த சட்டிகளின் ஓடுகளை இடித்து, அரிக்காமல் களியோடு குழைக்கச் சொன்னேன். "கையைக் கிழிக்கும்" என்றார். கிழித்திருக்கிறது, வலது உள்ளங்கையைக் காட்டினார். ஆனால் சுட்ட ஓட்டுத் தூள் இல்லாமல் இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பில் சுவர் எழுப்ப முடியாது. பச்சைக் களி காயும்போது சுருங்கும். ஏற்கெனவே சுட்டது சுருங்காது. தூள் சேர்ந்தால் மொத்தச் சுருக்கம் குறையும், வெடிப்புக் குறையும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியும் கிடைக்கும். ஐரோப்பியக் கைவினைஞர்கள் ஷமோட் என்று சொல்லிச் சேர்ப்பது இதே சரக்குத்தான். சட்டிக்காரர்கள் அடுப்புக்கட்டி செய்யும்போது தாங்களும் இடித்த ஓடு போடுவதுண்டு என்று பிறகு ஐயாவே சொன்னார். அடுப்புக்குச் சரியானது சாடிக்கு ஏன் கூடாது என்று கேட்டேன். "அடுப்பை யாரும் கூடத்தில் வைப்பதில்லை" என்றார். பதில் இல்லை என்னிடம்.

கைத்தொலைபேசியில் ஹான்ஸ் கோப்பரின் சாடிப் படங்களைக் காட்டினேன். கோப்பர் 1920இல் ஜேர்மனியில் பிறந்தவர். நாஸிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து போனவர். 1946இல் மட்பாண்டக் கலைஞர் லூசி ரீயின் இலண்டன் பட்டறையில் வேலைக்குச் சேரும்போது மட்பாண்டம் ஒன்றும் தெரியாது. 1962இல் திறந்த கொவென்ற்றி தேவாலயத்தின் பெரிய மெழுகுவர்த்தித் தாங்கிகள் அவர் செய்தவை. ஐயாவுக்கு இந்தச் சரித்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக் கழுத்துப் பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஒரே தடவையில் வனைந்தது அல்ல. இரண்டு சட்டியை வாயோடு வாய் வைத்து ஒட்டியிருக்கிறான். இந்த அடிக்கால் வேறு. அரை ஈரத்தில் ஒட்டவேண்டும். முழு ஈரம் என்றால் அமுங்கும், காய்ந்தால் பிடிக்காது." பிறகு மேனியைப் பார்த்தார். "மேலே வேறு மண்ணைக் கரைத்துப் பூசி, சுரண்டி, திரும்பப் பூசியிருக்கிறான். கெட்டிக்காரன்."

கோப்பர் செய்தது அச்சொட்டாக அதுதான். சக்கரத்தில் தனித்தனியாக வனைந்தவற்றை இணைப்பார். வெண்களிக் கரைசலும் மங்கனீசுக் கரைசலும் அடுக்கடுக்காகப் பூசிச் சுரண்டுவார். இதைத் தெரிந்துகொள்ள நான் எத்தனையோ பக்கங்கள் படித்தேன். ஐயாவுக்கு ஒரு நிமிடம் எடுத்தது.

மாலையில் சூளை அடுக்கினோம். என் தடித்த சாடிகள் நடுவில், சுட்டிகள் மேலே. ஒரு சாடியைக் கவிழ்த்து, வயிற்றுக்குள் உமி அடைத்து, வாயைச் சுற்றி மண் அணைத்து வைக்கச் சொன்னேன். அருங்காட்சியகத்துப் படத்தைக் காட்டியதும் ஐயா ‘ஓ, புகைச்சட்டி’ என்றார், புதிதாக எதையும் கேட்ட பாவனையே இல்லாமல்.

செவ்வாய்

விடியவே தீ மூட்டியாயிற்று. காலை முழுக்கச் சிறு தீதான், பொச்சுமட்டையும் சிரட்டையும். தடித்த சுவருக்குள் ஒளிந்திருக்கும் ஈரம் ஆவியாகி மெதுவாக வெளியேறவேண்டும். அவசரப்பட்டால் ஆவி வழி தேடாது, உடைத்துக்கொண்டு வரும். பத்து மணியளவில் உள்ளே ‘டொப்’ என்று ஒரு சத்தம். ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களுடையது" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானத்துக்குப் பிறகு பனை விறகு. சோளகம் ஒரு பக்கத் தீயை ஊதிவிட்டது, தகரம் மறைத்தோம். வெப்பமானி எதுவும் கிடையாது, சூளைக் கண்ணுக்குள் தெரியும் நிறம்தான் கணக்கு. இந்த வகைச் சூளைகள் ஆயிரம் பாகை செல்சியசுக்குக் கீழேயே நிற்கும். ஐரோப்பியக் கல்மண் சாடிகள் 1,200க்கு மேல் வெந்து நீர் கசியாத உடல் பெறுகின்றன. நம் சூளைச் சாடி கசியும். அதில் எனக்குக் குறை இல்லை. பூவும் தண்ணீரும் வேண்டும் என்பவர்கள் உள்ளே ஒரு கண்ணாடித் தம்ளரை இறக்கிக்கொள்ளலாம்.

கண்ணெல்லாம் புகை. மிகுதி பிறகு.

புதன்

சூளை ஆறும் நாள். திறக்கவே கூடாது என்று உத்தரவு.

பண்ணைத் தாம்போதி வழியாக அல்லைப்பிட்டி போய்வந்தேன். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளின் சொங் அரச வம்சக் காலத்துச் சீன மட்பாண்டங்கள் இங்கே கிடைத்தன; ஜோன் கார்ஸ்வெல் 1977இல் ஆராய்ந்தார், பிறகு 2018இல் ஷங்காய் அருங்காட்சியகத்தினரும் வந்து அகழ்ந்தார்கள். கடல் கடந்து வந்த சாடிகளை யாழ்ப்பாணத்து வீடுகள் ஏற்றுக்கொண்டது கோண்டாவில் மாமியோடு தொடங்கியது அல்ல.

சேகரிப்பவர்களுக்கு ஒரு சொல். இப்படியான இடங்களில் நிலத்தில் ஒரு சில்லு கண்ணில் பட்டாலும் அங்கேயே கிடக்கட்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், இடம் தெரியாத சில்லு வெறும் சில்லுதான். ‘கந்தரோடைச் சாமான்’ என்று யாராவது கடதாசிப் பொட்டலத்தில் காட்டினால் விலைகூடக் கேட்காதீர்கள்.

வியாழன்

திறந்தோம்.

வெடித்தது, நான் மிகவும் ஆசைப்பட்டு வரைந்த செவ்வகச் சாடி. பக்கச் சுவர் முழுவதும் போய்விட்டது, மேலே இருந்த சுட்டிகளில் ஒரு வரிசையையும் சேர்த்து உடைத்திருக்கிறது. சுட்டிகளுக்கான காசையும் கணக்கில் சேர்த்தோம். இன்னொன்றின் அடியில் மயிரிழை வெடிப்பு. நிற்கும், ஆனால் விற்கவோ பரிசளிக்கவோ ஆகாது.

மற்றவை நன்றாக வந்திருக்கின்றன. தும்புக் கயிற்றைச் சுற்றி அழுத்தி எடுத்த சாடியில் கயிற்றின் முறுக்கு ஒவ்வொரு இழையாகத் தெரிகிறது. ஓட்டுத் தூள் பருக்கைகள் மேனியில் அங்கங்கே கொஞ்சம் வெளிறித் துருத்தி நிற்கின்றன. தீ அதிகம் பட்ட பக்கம் செங்காவி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் மஞ்சள் கலந்த சிவப்பு.

உமி அடைத்ததைக் கடைசியில் எடுத்தோம். உள்ளே நல்ல கறுப்பு. வாயிலிருந்து மூன்று விரல் கீழே வரை கறுப்பு இறங்கி, அங்கே புகைபோலக் கலைந்து சிவப்பாகிறது. ஐயா தன் மேற்சட்டையின் நுனியால் சாம்பலைத் துடைத்துவிட்டு, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், சுண்டினார், ஒன்றும் சொல்லாமல் சுட்டிகளோடு வைக்காமல் திண்ணையில் கொண்டுபோய் வைத்தார். அவருடைய மகள் உள்ளேயிருந்து வந்து, "இது எவ்வளவுக்கு?" என்று கேட்டபோது நான் அவசரமாக, "இது எனக்கு" என்றேன்.

விலைதான் சிக்கலாகியது. தயிர்ச்சட்டிக்கு விலை உண்டு, பானைக்கு உண்டு, இதற்கு என்ன விலை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொழும்பில் இதே அளவுச் சாடியை எவ்வளவுக்கு விற்கிறார்கள் என்று உண்மையைச் சொன்னேன். ஐயா நம்பவில்லை. கடைசியில் களி, லொறிக் கூலியில் ஒரு பங்கு, விறகு, நாட்கூலி என்று மகள் கொப்பியில் எழுதிக் கூட்டினார். வந்த தொகையை நான் இரட்டிப்பாக்கினேன். ஐயா அதில் கொஞ்சம் குறைத்தார். இப்படித் தலைகீழாகப் பேரம் பேசியது இருவருக்கும் முதல் தடவை.

வைக்கோல் சுற்றி, பனையோலைக் கடகங்களில் அடுக்கியாயிற்று. வீட்டில் வைக்கும் இடத்தையும் யோசித்துவிட்டேன். இந்தச் சாடிகளுக்கு நேர் வெளிச்சம் ஆகாது, முகம் தட்டையாகிவிடும். யன்னலுக்குப் பக்கவாட்டில், வெள்ளைச் சுவரின் முன்னால், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வைத்தால் ஒவ்வொரு பருக்கைக்கும் நிழல் விழும். சிவப்புச் சீமெந்துத் தரை இருக்கும் பழைய யாழ்ப்பாண வீடுகள் இதற்கென்றே கட்டியவை போல இருக்கின்றன. கொழும்பில் என் வெள்ளவத்தை மாடிவீட்டில் வெள்ளை ஓடுகளோடு சமாளிக்கவேண்டும். பூவுக்குப் பதிலாக ஆண்பனையின் காய்ந்த பாளை இரண்டு கட்டிக்கொண்டேன். 313இன் உடைந்த வாயை என் பக்கம் திருப்பி வைத்தால் விருந்தாளிகளுக்குத் தெரியாது.

அடுத்த சூளை ஆவணியில். செவ்வகச் சாடியைத் திரும்பச் செய்ய ஐயா ஒப்புக்கொண்டார், ஆனால் தன் நிபந்தனையோடு: சுவர் தடிப்பு ஒன்றரைச் சென்ரிமீற்றர், அதற்கு மேல் இல்லை, காயவிடும் காலம் அவர் சொல்வது. அதோடு, படத்தில் பார்த்த ஒட்டுச் சாடி போல ஒன்றைத் தானாகச் செய்து பார்க்கப் போவதாகச் சொன்னார். அதற்கு முற்பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "அது உங்களுக்கு என்று நான் சொல்லவில்லையே" என்றார்.

இரவு பஸ்ஸில் கடகங்களை மடியில் வைத்துக்கொண்டுதான் போகவேண்டும். படங்களை ஞாயிற்றுக்கிழமை நல்ல வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன்.